‘பொதுப் பாதுகாப்பு’ என்னும் சட்டத் தொடர்: தந்தி முதல் இணையம் வரை

ஒரு நூலில் பயிலும் சொல் இன்ன பொருள் உடையது என்று வரையறுக்கப்படாமல் நிற்குமாயின், அதனைக் கற்போர் இடர்ப்படுவர். நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தனுள் மயங்க வைத்தலையும் ஒன்றாக எண்ணினார். சட்டமும் ஒரு நூலே. ஆயினும் அதன்கண் நேரும் மயக்கம் கற்போரை வருத்துவதோடு அமையாது; அச்சட்டத்தின்கீழ் வாழ்வோர் அனைவரையும் தாக்கும். இந்திய நாட்டில் மக்களின் செய்திப் போக்குவரத்தின்மேல் அரசு கொண்டுள்ள அதிகாரம், 1885-ஆம் ஆண்டு தொட்டுப் ‘பொது நெருக்கடி’, ‘பொதுப் பாதுகாப்பு’ என்னும் இரு தொடர்களைப் பற்றுக்கோடாகக் கொண்டு வந்துள்ளது. தந்திக்கென எழுந்த இத்தொடர்கள் தொலைபேசிக்கும், பின்னர் இணையத்திற்கும் வந்து சேர்ந்தன. அவை வந்த வழியையும், வழியில் அவற்றின் பொருள் விரிந்தும் சுருங்கியும் மாறியவாற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராயப் புகுமுன் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். ஆங்கிலச் சட்டங்களில் ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ என இரு வேறு சொற்கள் வழங்குகின்றன. தமிழில் இரண்டனையும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிவருகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நிலைக்களனாகக் கொண்டே நம் அரசியலமைப்பு வரலாற்றின் தலையாய வழக்குகளுள் ஒன்று தீர்க்கப்பட்டது. ஆதலின் முன்னதைப் ‘பொதுப் பாதுகாப்பு’ என்றும், பின்னதை ‘அரசின் நிலைபேறு’ என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்தி வழங்குவோம்.

1. தொடரின் தோற்றம்

1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், ஐந்தாம் பிரிவில், பொது நெருக்கடி தோன்றியவிடத்தும் பொதுப் பாதுகாப்பின் பொருட்டும் எந்தத் தந்திச் செய்தியையும் தடுக்கவும், இடைமறிக்கவும், தனக்கு வெளிப்படுத்துமாறு பணிக்கவும் அரசுக்கு அதிகாரம் வழங்கியது. பொது நெருக்கடி யாது, பொதுப் பாதுகாப்பு யாது என்று அச்சட்டம் யாண்டும் விளக்கவில்லை. நெருக்கடி உண்டா இல்லையா என்ற ஐயம் எழுமாயின், அரசுச் செயலர் ஒருவர் கையொப்பமிட்ட சான்றே முடிந்த முடிபாகும் என்று மட்டும் கூறியது. எனவே சொல்லுக்குப் பொருள் காணும் உரிமையும் அதிகாரத்தைச் செலுத்துவோரிடமே விடப்பட்டது. 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் இத்தொடர்களை எடுத்துக்கொண்டு, பொது அமைதி என்பதையும் உடன் சேர்த்தது.

அயலார் ஆட்சியில் இவ்வாறு சட்டம் அமைந்தது வியப்பன்று. செய்தி செல்லும் வழியைக் காப்பவன் செய்தியையும் ஆளலாம் என்பது அவ்வாட்சியின் கோட்பாடு. அச்சுத் துறையிலும் அதனைக் காண்கிறோம். 1908-ஆம் ஆண்டில் ‘இந்தியா’ வார இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சிறைப்பட்ட பின்னர், பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட அவ்வூரில் அச்சகத்தைக் கைப்பற்ற ஆங்கில அரசால் இயலவில்லை. ஆனால் இதழ் தன் எல்லைக்குள் வருவதைத் தடுக்க இயன்றது. 1910-ஆம் ஆண்டில் இதழ் நின்றது. எழுதுவோனைத் தொடாமலே எழுத்தை இல்லாமற் செய்யலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று. இணைய முடக்கத்தை ஆராயுங்கால் இதனை மீண்டும் நினைவு கூர்வோம்.

2. சென்னை மாநிலத்து வழக்கு

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 19-ஆம் உறுப்பில் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் குடிமக்களுக்கு உறுதி செய்தது. அவ்வுரிமையைக் கட்டுப்படுத்துதற்கு அன்று ஏற்கப்பட்ட காரணங்கள் சிலவே. அவற்றுள் முதன்மையானது, அரசின் நிலைபேற்றைக் குலைப்பது அல்லது அரசைக் கவிழ்க்க முனைவது என்பதாகும். அடுத்த திங்கள்களிலேயே இச்சொற்கள் சோதனைக்கு உள்ளாயின.

பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில இதழ் சென்னை மாநிலத்துள் நுழைவதையும் பரவுவதையும் தடைசெய்து, 1950 மார்ச்சு 1 அன்று சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம், பொதுப் பாதுகாப்பின் பொருட்டும் பொது ஒழுங்கின் பொருட்டும் அவ்வாறு செய்ய இடம் தந்தது. இதழாசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகினார். 1950 மே 26 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, சொற்பொருளை ஆராய்ந்தே வழக்கைத் தீர்த்தார்.

அவர் காட்டிய நெறி வருமாறு: பொதுப் பாதுகாப்பு என்பது பொதுமக்கள் இடரின்றி இருத்தலைக் குறிக்கும் பரந்த தொடர். நோய் பரவாமல் தடுத்தலும் அதனுள் அடங்கும். பொதுத் தெருவில் வண்டியைக் கண்மூடித்தனமாக ஓட்டுவதைத் தடுத்தலும் அடங்கும். ஆயின் அரசியலமைப்போ அரசின் நிலைபேற்றைக் குலைக்கும் பெருந்தீங்கினையே உரிமைக்கு எல்லையாக வைத்தது. சிறு குழப்பம் முதல் பெருங்கலகம் வரை அனைத்தையும் ஒருசேரத் தழுவும் சொல்லால் அமைந்த சட்டம், அனுமதிக்கப்பட்ட எல்லையைக் கடக்கக்கூடும். எனவே அச்சட்டப் பிரிவு செல்லாது. பரப்பும் உரிமை இல்லையேல் வெளியிடும் உரிமைக்குப் பயன் இல்லை என்பதும் அத்தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டது. நீதிபதி பசல் அலி மாறுபட்டு எழுதினார். பொது ஒழுங்கின் குலைவு அரசின் நிலைபேற்றையும் பாதிக்கும் என்பது அவர் கொள்கை. இரு நீதிபதிகளின் வேறுபாடும் ஒரு சொல்லின் எல்லை யாது என்பதைப் பற்றியதே.

3. திருத்தங்கள்

தீர்ப்பினால் சுருங்கிய பொருளை அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் விரித்தது. 1951-ஆம் ஆண்டின் முதல் திருத்தம் பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத்திற்குத் தூண்டுதல் என்பவற்றைக் கட்டுப்பாட்டுக்குரிய காரணங்களோடு சேர்த்தது. அதே நேரத்தில் ‘நியாயமான’ என்னும் அடைமொழியும் கட்டுப்பாடு என்னும் சொல்லுக்கு முன் சேர்க்கப்பட்டது. இச்சிறு அடைமொழியே, கட்டுப்பாடு நியாயமானதா என்று கேட்கும் உரிமையை நீதிமன்றத்திற்கு அளித்தது. 1952-ஆம் ஆண்டில் சென்னை அரசு எதிர் வி. ஜி. ராவ் என்னும் வழக்கில், ஒரு சங்கத்தைச் சட்ட விரோதமென அரசு தன் கருத்தளவிலேயே அறிவிக்க இடந்தந்த சட்டம் இவ்வடைமொழியைக் கொண்டே வீழ்த்தப்பட்டது. அத்தீர்ப்பினை எழுதியவரும் பதஞ்சலி சாஸ்திரியே.

1963-ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் இறையாண்மை, ஒருமைப்பாடு என்னும் இரு காரணங்களையும் சேர்த்தது. திராவிட நாட்டுப் பிரிவினைக் கோரிக்கையை முன்னிறுத்தி அத்திருத்தம் வந்ததையும், மாநிலங்களவையில் அண்ணாதுரை அதனை எதிர்த்து உரையாற்றியதையும் தமிழக வரலாறு கற்போர் அறிவர். அக்கோரிக்கை அதே ஆண்டில் கைவிடப்பட்டது. அதன்பொருட்டுச் சேர்ந்த சொற்கள் இன்றும் உள்ளன. சட்டச் சொல் தான் தோன்றிய நிகழ்ச்சி மறைந்த பின்னும் வாழ்வது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

4. உரை கண்ட பொருள்

தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு 1972-ஆம் ஆண்டில் மாற்றியமைக்கப்பட்டது. செயலரின் சான்றே முடிந்த முடிபு என்ற பகுதி நீங்கியது. செய்தியை இடைமறிக்க இரு படிகள் கடக்கப்படல் வேண்டும் என்றாயிற்று. முதலாவது, பொது நெருக்கடி தோன்றியிருத்தல் வேண்டும். அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவை நேர்ந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, இறையாண்மை, அரசின் நிலைபேறு முதலிய காரணங்களுள் ஒன்று இருத்தல் வேண்டும். காரணம் எழுத்தில் பதியப்படுதலும் கட்டாயமாயிற்று.

இப்பிரிவுக்கு விரிவான உரை கண்டது 1996 டிசம்பர் 18 அன்று வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகும். அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டமை பற்றி மத்தியப் புலனாய்வுத் துறை தந்த அறிக்கை வெளியானதையொட்டி, மக்கள் குடியுரிமைக் கழகம் 1991-ஆம் ஆண்டில் அவ்வழக்கைத் தொடுத்தது. பொது நெருக்கடியும் பொதுப் பாதுகாப்புத் தேவையும் அரசின் உள்ளத்தில் மட்டும் மறைந்திருக்கும் பொருள்கள் அல்ல; பகுத்தறிவுடைய எவருக்கும் புலப்படக் கூடியவை என்று நீதிமன்றம் உரைத்தது. அவை இல்லாவிடத்து ஏனைய காரணங்கள் எத்துணை வலியவாயினும் இடைமறிக்கும் அதிகாரம் பிறவாது என்றும் கூறியது. ஆணை பிறப்பிக்க வேண்டியவர் உள்துறைச் செயலர். ஆணை இரண்டு திங்கள் அளவில் முடிவுறும். நீட்டிப்பு உட்பட ஆறு திங்களைக் கடத்தல் கூடாது. மறுஆய்வுக் குழு ஒன்று அதனை ஆராய்தல் வேண்டும் என விதிகளும் வகுக்கப்பட்டன.

சட்டத்தைச் சூத்திரம் எனக் கொண்டால் தீர்ப்பினை உரை எனக் கொள்ளலாம். நூற்றுப் பதினோர் ஆண்டுகள் உரையின்றிக் கிடந்த சூத்திரம் அன்று உரை பெற்றது. ஆனால் மேற்பார்வை முழுதும் அரசு அலுவலரிடமே விடப்பட்டது. ஆணையிடுபவரும் செயலர், ஆணையை ஆராயும் குழுவினரும் செயலர். நீதிபதி ஒருவரின் முன்னொப்புதல் வேண்டும் என்ற கோரிக்கையைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை எனக் கூறி நீதிமன்றம் ஏற்கவில்லை. இக்குறை பின்னர் வளர்ந்தமை காண்போம்.

5. இணையச் சட்டத்தில் விடுபட்ட தொடர்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பெருந்திருத்தம் 2008 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மிகக் குறைந்த விவாதத்தோடு நிறைவேறி, 2009 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 69-ஆம் பிரிவு கணினி வழியே செல்லும் செய்தியை இடைமறிக்கவும், கண்காணிக்கவும், மறையெழுத்தை விடுவிக்கச் செய்யவும் அதிகாரம் தருகிறது. இப்பிரிவைத் தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவோடு ஒப்புநோக்குவோர் ஒரு வேறுபாட்டை உடனே உணர்வர். இறையாண்மை முதலிய காரணங்கள் அனைத்தும் இங்குள்ளன. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் எனப் புதிதாக ஒன்றும் சேர்ந்துள்ளது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்னும் முதற்படி மட்டும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றம் எந்தச் சொற்களுக்கு உரை கண்டு அரசின் அதிகாரத்தைச் சுருக்கியதோ, அச்சொற்களே புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. சொல் இருந்தால் அதன் பொருளை வாதிக்கலாம். சொல்லே இல்லாதபோது வாதத்திற்கும் இடம் குன்றுகிறது. தந்தி பெற்றிருந்த காப்பினும் குறைந்த காப்பையே இணையச் செய்தி பெற்றது என்பது இதனால் விளங்கும்.

அதே திருத்தத்தில் சேர்ந்த 66ஏ பிரிவின் வரலாறும் கருதத்தக்கது. மிகவும் இழிவான செய்தியையும், தொல்லையும் இடையூறும் தரும் பொய்ச் செய்தியையும் கணினி வழியே அனுப்புவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டம் விதிக்க அது வழிவகுத்தது. அதன் சொற்களுக்கு மூலம், இங்கிலாந்தில் 1935-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அஞ்சலகத் திருத்தச் சட்டம். தொலைபேசி வழியே இழிசொல் கூறுவோரைத் தண்டிக்க அது எழுந்தது. ஒருவர் மற்றொருவர் செவியில் கூறும் வசைக்கு அமைந்த சொற்கள், ஊரறிய எழுதும் கருத்துக்கும் பொருத்தப்பட்டன. 2012-ஆம் ஆண்டில், ஓர் அரசியல் தலைவரின் மறைவையொட்டி நிகழ்ந்த கடையடைப்பைக் குறித்து முகநூலில் எழுதியதற்காக ஓர் இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறித்தமைக்காக மற்றொருவரும் மகாராட்டிரத்தில் கைது செய்யப்பட்டனர்.

2015 மார்ச்சு 24 அன்று சிரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முற்றிலும் நீக்கியது. தொல்லை, இடையூறு என்பவை ஆளுக்காள் பொருள் வேறுபடும் சொற்கள். குற்றம் எது என்று குடிமகனும் அறிய இயலாது, காவலரும் அறிய இயலாது என்பது நீதிபதிகள் செலமேசுவரும் நாரிமனும் கண்ட முடிபு. இருப்பினும் நீக்கப்பட்ட பிரிவின்கீழ் வழக்குகள் தொடர்ந்து பதிவாயின. 2021-ஆம் ஆண்டில் நீதிமன்றம் இதனை அறிந்து அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபர் 12 அன்று அப்பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்கு நடத்தலாகாது என மீண்டும் ஆணையிட நேர்ந்தது. ஏட்டில் இறந்த சொல் காவல் நிலையத்தில் ஏழாண்டுகள் உயிரோடு இருந்தது.

6. முடக்கமும் பழைய தொடரும்

2017 ஆகஸ்டில் மைய அரசு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. தொலைத்தொடர்புச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்துதல் பற்றிய அத்தொகுப்பின் பெயரிலேயே ‘பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு’ என்னும் தொடர் இடம்பெற்றது. விதிகளுக்கு அடிப்படை 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமே. தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. தந்திக்கு எழுந்த சொற்கள் இணையத்தை நிறுத்தப் பயன்பட்டன.

அதன் பயன்பாட்டைத் தமிழகமும் கண்டது. 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் உயிரிழந்தனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் ஐந்து நாட்களுக்கு இணையச் சேவையை நிறுத்துமாறு அரசு ஆணையிட்டது. வதந்தி பரவாமல் தடுத்தல் இத்தகைய ஆணைகளுக்குக் கூறப்படும் காரணம். அதனை வீண் காரணம் என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. பொய்ச் செய்தியால் உயிர் இழந்தோர் இந்நாட்டில் உளர்; கலகத்தை அடக்கும் பொறுப்பும் அரசுக்கு உண்டு. ஆனால் தந்தியை இடைமறிக்கும் ஆணை ஒரு செய்தியைத் தடுப்பது. இணையத்தை நிறுத்தும் ஆணையோ மெய்யும் பொய்யும் ஆகிய எல்லாச் செய்திகளையும் ஒருங்கே தடுப்பது. மகனைத் தேடும் தாயின் வினாவும் அதனுள் அகப்படும். சொல் மாறவில்லை, சொல் தழுவும் பொருளின் அளவு பன்மடங்கு பெருகிவிட்டது.

2019 ஆகஸ்டில் காசுமீரத்தில் தொலைத்தொடர்புகள் நிறுத்தப்பட்டன. அதிவேக அலைபேசி இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுதும் மீண்டது. இடையே 2020 ஜனவரி 10 அன்று, இதழாசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், காலவரையற்ற முடக்கம் சட்டத்திற்கு ஒவ்வாதது என்றும், முடக்க ஆணைகள் வெளியிடப்படல் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையை வெளியிடல் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் எழுத்தில் வெளிவந்த ஆணையை மட்டுமே குடிமகன் நீதிமன்றத்திற்கு எடுத்துச் செல்ல இயலும். 1950-ஆம் ஆண்டின் சென்னை ஆணை அரசிதழில் வெளிவந்தமையால்தான் அதன் சொல் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. 2009-ஆம் ஆண்டின் இணையத் தடை விதிகளோ, தடைக்கான கோரிக்கையும் நடவடிக்கையும் மறைவாக வைக்கப்படல் வேண்டும் என்று கூறுகின்றன. காணப்படாத ஆணைக்கு எவரும் உரை காண இயலாது.

7. புதிய சட்டங்களும் அண்மைத் தீர்ப்புகளும்

2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாக முடிவு செய்தது. காவலர் நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கத்தைத் தடுத்தும், அந்தரங்க உரிமையை ஏற்க மறுத்த 1962-ஆம் ஆண்டின் கரக் சிங் தீர்ப்பு அவ்வளவில் மாற்றப்பட்டது. அன்று மாறுபட்டு எழுதிய நீதிபதி சுப்பாராவின் கருத்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வென்றது. உரிமையில் தலையிடும் அரசு சட்டத்தையும், தக்க நோக்கத்தையும், நோக்கத்திற்கு ஒத்த அளவையும் காட்டுதல் வேண்டும் என்பது இன்றைய அளவுகோல்.

இதன் பின்னர் 2023-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புச் சட்டமும் அஞ்சலகச் சட்டமும் புதிதாக இயற்றப்பட்டன. முன்னதன் 20-ஆம் பிரிவில் பொது நெருக்கடியும் பொதுப் பாதுகாப்பும் அவ்வாறே வருகின்றன. பின்னதன் ஒன்பதாம் பிரிவில் நுட்பமான மாற்றம் ஒன்று நேர்ந்துள்ளது. அங்கு ‘நெருக்கடி’ என்னும் சொல் தனித்து நிற்கிறது. ‘பொது’ என்னும் அடைமொழி அதற்கு இல்லை. 1986-ஆம் ஆண்டில் அஞ்சலைத் தடுக்கும் அதிகாரம் பற்றிய திருத்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியும், குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் அளியாமையால் சட்டமாகவில்லை. அன்று ஒரு மசோதாவை நிறுத்திய கவலை, 2023-இல் ஓர் அடைமொழி உதிர்வதை நிறுத்தவில்லை.

பழைய தொடரின் பொருள் இன்றும் முடிவு பெற்றிலது என்பதை 2025-ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகள் காட்டுகின்றன. ஜூன் திங்களில் தில்லி உயர் நீதிமன்றம், பெருந்தொகை ஊழல் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் எனக் கருதி ஒட்டுக்கேட்டல் ஆணையை ஏற்றது. ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம், குற்றத்தைக் கண்டறியும் பொருட்டு மறைவாக ஒட்டுக்கேட்டல் இவ்விரு தொடர்களுள் அடங்காது எனக் கூறி, கையூட்டு வழக்கொன்றில் 2011-ஆம் ஆண்டில் பிறந்த ஆணையை நீக்கியது. ஒரு கூற்றின்படி ஊழல் பொதுப் பாதுகாப்பின்கண் அடங்கும்; மற்றொரு கூற்றின்படி அடங்காது. 1950-ஆம் ஆண்டில் பதஞ்சலி சாஸ்திரியும் பசல் அலியும் எழுப்பிய வினா இதுவே.

8. முடிபு

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, செய்தியின்மேல் அரசு செலுத்தும் அதிகாரம் இணையக் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று. அயலாட்சியில் பிறந்த சொற்களின் வழியே அது வந்தது. இரண்டாவது, குடிமகன் வென்ற இடங்களில் எல்லாம் சொல்லின் எல்லை சுருக்கப்பட்டமையே வெற்றிக்குக் காரணமாயிற்று. மூன்றாவது, உரையால் பெற்ற உரிமை உரையளவிலேயே நிற்கிறது. சூத்திரம் புதிதாக எழுதப்படும்போது பழைய உரை அதனுள் ஏறுவதில்லை; சில இடங்களில் உரை பற்றிநின்ற சொல்லே நீக்கப்படுகிறது. பின்னர் வழக்காடுவோர் முதலிலிருந்து தொடங்க வேண்டியவராகின்றனர்.

ஆதலின், 1996-ஆம் ஆண்டின் உரையும் 2020-ஆம் ஆண்டின் உரையும் சட்ட வாசகத்தின் பகுதிகளாதல் வேண்டும் என்று கருதுகிறோம். நெருக்கடி எது என்னும் வரையறையும், வெளியிடப்பட்ட ஆணையும், ஆணையிட்டவர் அல்லாத ஒருவரின் ஆய்வும் சட்டத்திலேயே இடம்பெறல் வேண்டும். தமிழ்த்துறையினர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. சட்டங்கள் தமிழில் பெயர்க்கப்படும் இந்நாளில், அரசின் நிலைபேற்றையும் மக்களின் பாதுகாப்பையும் ஒரே சொல்லால் குறிப்போமாயின், உச்ச நீதிமன்றம் வேறுபடுத்திக் காட்டியதை நாமே மீண்டும் மயங்க வைத்தவராவோம். சட்டத் தமிழுக்குச் சொல் அமைப்போர் முதற்கண் இவ்விரு சொற்களையும் பிரித்து அமைத்தல் நன்று.